ஐஸ் பிளாண்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி நிற்கவே மாட்டேங்குது: 300 மாத்திப் போடலாமா?

#1 · கரமடி

குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்ட். மின்வாரியத்தோட எல்டி (லோ டென்ஷன்) சர்வீஸ், த்ரீ பேஸ் நாலு வயர். லோடு இவ்வளவு: 30 எச்.பி. அம்மோனியா கம்ப்ரசர், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். உப்புத்தண்ணி டேங்குல 5 எச்.பி. அஜிடேட்டர், கண்டன்சர் தண்ணி பம்பு 5 எச்.பி., இதுக்கு மட்டும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ்). கேன் தூக்குற 3 எச்.பி. ஹாய்ஸ்ட்; 7.5 எச்.பி. ஐஸ் கிரஷர்; பிறகு ஆபீஸ், லைட்டு, ரெண்டு மூணு சாக்கெட்.

மெயின்ல 100 ஆம்ப் எம்சிசிபி (ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு விழுற பெரிய பிரேக்கர்). அதுக்குக் கீழ ஒரே ஒரு 100 ஆம்ப் நாலு போல் 30 மி.ஆ. ஆர்சிசிபி (எர்த்துக்கு ஒழுகுற கரண்டைப் பாத்து சப்ளையை அறுக்குற சுவிட்ச்). மொத்த பிளாண்டும் அந்த ஒண்ணுலதான் தொங்குது. காலையில கம்ப்ரசர் ஸ்டாருலேருந்து டெல்டாவுக்கு மாறும்போது விழும். மழைன்னா கிரஷர் சுவிட்சைத் தொட்டதும் விழும். சில நாள் ராத்திரி காரணமே தெரியாம விழும். இப்ப ஆர்சிசிபிக்கு மேலேருந்து கீழ வயர் போட்டு ஜம்பர் பண்ணி ஓட்டுறாங்க.

முதலாளி தரப்பு சொல்றது: எர்த் பிட் நாலு இருக்கு, அளந்தா 2 ஓம் வருது, பிறகு எதுக்கு இந்த டப்பா? கேள்வி ரெண்டு. 2 ஓம் எர்த் போதுமா? போதாதுன்னா 30-ஐ எடுத்துட்டு 300 மி.ஆ. போட்டா நிக்குமா?

#2 · தக்கலை_பேனல்

முதல்ல அந்த ஜம்பரை எடுங்க அண்ணாச்சி. பிளாண்டை நிறுத்த முடியாதுன்னா கிரஷருக்கும் ஹாய்ஸ்டுக்கும் சாக்கெட்டுக்குமாவது இன்னைக்கே தனித்தனி 30 மி.ஆ. போட்டு ஓட்டுங்க. மத்ததைப் பைய பாத்துக்கலாம்.

அந்த 2 ஓமுக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. எல்டி சர்வீஸ்ல மோட்டார் பாடிக்கு எர்த் நம்ம குழிதான். டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கு எர்த் ரோட்டோரத்துல, டிரான்ஸ்பார்மர் அடியில. ரெண்டுக்கும் நடுவுல வெறும் மண்ணு. கம்ப்ரசர் மோட்டார்ல பேஸ் வயர் பாடியைத் தொட்டா கரண்ட் பாடியில இறங்கி, நம்ம குழி வழியா மண்ணுக்குப் போயி, அந்தக் குழி வழியா ஏறி நியூட்ரலுக்குத் திரும்பணும். நம்ம குழி 2, அது 1 ஓம்னு வையுங்க. 230-ஐ 3-ஆல வகுத்தா ஏறக்குறைய 76 ஆம்ப்.

கம்ப்ரசர் ஃபீடருக்கு 63 ஆம்ப் எம்சிசிபி போட்டிருப்பீங்க. 76 அதுக்கு 1.2 மடங்கு. 63 ஆம்ப் எம்சிசிபிக்கு விதி என்னன்னா, 1.05 மடங்குல ஒரு மணி நேரம் விழக்கூடாது, 1.3 மடங்குல ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும். 1.2 ரெண்டுக்கும் நடுவுல கெடக்கு. எப்ப விழும்னு அதைச் செஞ்சவனே சொல்ல மாட்டான். மோட்டார் ஓடுற கரண்ட் கூடச் சேந்தாலும் நிமிஷக் கணக்காவும். அவ்வளவு நேரமும் பாடியில 76 × 2, அதாவது 152 வோல்ட் நிக்கும். தரையெல்லாம் உப்புத்தண்ணி, ஆளுங்க காலுல செருப்பு கிடையாது.

கிரஷருக்கு 20 ஆம்ப் எம்சிபி (சின்ன பிரேக்கர்) இருந்தா 76 ஆம்ப் கிட்டத்தட்ட நாலு மடங்கு. சில செகண்டுல விழும். அந்தச் சில செகண்டே ஆளைக் கொல்லப் போதும்.

உடம்பை 1000 ஓம்னு எடுத்துக்கிட்டா 230 வோல்ட்டுக்கு 230 மி.ஆ. ஓடும், நனைஞ்ச உடம்புன்னா இன்னும் கூடும். 10 மி.ஆ. வாக்குலயே பிடிச்ச கை விடாது. 30-ஐத் தாண்டி செகண்ட் கணக்குல ஓடினா இதயம் ஒழுங்கு தப்புற இடத்துக்குப் போயிரும். 2 ஓம் எர்த்தைப் பாத்து எம்சிபி நகராது, இந்த 230 மில்லியைப் பாத்தும் நகராது. இந்த அளவைப் பாக்குறது ஆர்சிசிபி மட்டும்தான்.

கூடவே ஒரு தப்பு நினைப்பையும் சொல்லிருகேன். 30 மி.ஆ. ஆர்சிசிபி போட்டா உடம்புல 30-க்கு மேல ஓடாதுன்னு பலரும் நம்புறாங்க. ஓடும். 230-ம் ஓடும், ஷாக்கும் அடிக்கும். அது குறைக்கிறது நேரத்தை. ரேட்டிங் அளவுல 300 மில்லி செகண்டுக்குள்ள, அஞ்சு மடங்குல, அதாவது 150 மி.ஆ.-ல, 40 மில்லி செகண்டுக்குள்ள அறுத்துவிடணும். ரெண்டு பேஸை ரெண்டு கையில பிடிச்சாலும், பேஸையும் நியூட்ரலையும் பிடிச்சாலும் ஆர்சிசிபிக்குத் தெரியாது. அதுக்கு அவன் ஒரு லோடு, அவ்வளவுதான்.

#3 · தோவாளை415

மேலே உள்ள கணக்கு எல்டி சர்வீஸுக்கு மட்டும் பொருந்தும். 11 கேவி வாங்கிச் சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் ஆலையில் நியூட்ரல் எர்த்தும் பாடி எர்த்தும் உள்ளேயே உலோகக் கம்பியால் இணைந்திருக்கும். அங்கே பால்ட் கரண்ட் மண்ணை நம்புவதில்லை. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாய்ந்து எம்சிசிபி உடனே விழும். இரண்டு அமைப்பையும் போட்டுக் குழப்புவதால்தான் "பெரிய ஆலையிலே ஆர்சிசிபி இல்லையே" என்ற பேச்சு வருகிறது. அங்கேயும் கையில் பிடிக்கும் கருவிக்கு 30 மி.ஆ. வேண்டும். கிரைண்டர் வயர் தோல் உரிந்து ஆள்மேல் பட்டால் பாடி எர்த் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

பெரிய ஏசிபியில் (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) இருக்கும் எர்த் பால்ட் செட்டிங்கை நம்பவும் வேண்டாம். 800 ஆம்ப் ஏசிபியில் அதை 20 சதவீதத்தில் வைத்தாலும் 160 ஆம்ப். அது பஸ்பாரையும் கேபிளையும் காக்க வைத்தது. மனிதக் கணக்கு மில்லி ஆம்பியரில் நடக்கிறது.

#4 · மடிச்சீலை

30 மில்லிங்கிறது வீட்டுக்கு உள்ளது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல போட்டு, பிறகு திருத்தின பாதுகாப்பு ரெகுலேஷன்லயே வீட்டுக்கு 30, மத்த எல்லா இடத்துக்கும் 100 மி.ஆ. வரைன்னுதான் இருக்கு. ஃபேக்டரியில 30-ஐப் போட்டு தினமும் ட்ரிப் ஆகி, கடைசியில ஜம்பர் பண்றதுக்கு, பேசாம 300 போட்டு ஒழுங்கா ஓட்டலாமே. இல்லாததுக்கு அது மேல்தானே?

#5 · தக்கலை_பேனல்

மக்கா, நீயே 100-ன்னு எழுதிட்டு 300 கேக்க. அந்த ரெகுலேஷனை மாத்தி 2023-ல புதுசு வந்தாச்சு, மின் ஆய்வாளர் கேக்குறது அதைத்தான்; எது எப்படியோ, நீ சொன்ன 100-லயே 300-க்கு இடமில்ல.

விதியை விடு, வேலையைப் பாப்போம். 300 மி.ஆ. தீப்பிடிக்காம இருக்க உதவும். பாடிக்கு கரண்ட் வந்தா அறுக்கவும் உதவும். நம்ம குழி 2 ஓம்னா 0.3 × 2, ஒரு வோல்ட்டுக்குக் கூட பாடி ஏறாது. குழி 166 ஓமுக்குப் போனாக்கூட 50 வோல்ட்டுக்குள்ள நிக்கும். எர்த் வயர் ஒழுங்கா இருக்க மெஷினுக்கு அது கொள்ளாம். ஆனா ஒருத்தன் நேரா பேஸைத் தொட்டா ஓடுறது 230 மி.ஆ.; 300-க்கு அது எட்டவே இல்ல. செத்தாலும் அது விழும்னு சொல்ல முடியாது. எர்த் வயர் அறுந்து கெடக்க கிரஷர்லயும் இதே கதைதான். உப்புக்காத்துல எர்த் வயர் அறாம இருக்கும்னு யாரு சொல்லுவா?

ஆகவே 30-ஆ 300-ஆன்னு கேக்குறதே சரியில்ல. எந்தச் சர்க்யூட்டுக்கு எதுன்னு கேக்கணும். ஒரே 30-ல மொத்த பிளாண்டையும் தொங்கவிட்டது முதல் தப்பு. ஜம்பர் ரெண்டாவது.

#6 · மெக்கர்கை

ட்ரிப் ஆகக் காரணம் என்னன்னு அளந்தா தெரிஞ்சிரும். சாதாரண டாங் டெஸ்டர் இதுக்கு ஆகாது. லீக்கேஜ் கிளாம்ப்னு கேட்டு வாங்குங்க, 0.1 மி.ஆ. வரை காட்டணும். மூணு பேஸையும் நியூட்ரலையும் சேத்து வாய்க்குள்ள பிடிக்கணும், எர்த் வயர் உள்ள வரக்கூடாது. வர்ற ரீடிங் எர்த்துக்கு ஒழுகுறது.

30 மி.ஆ. ஆர்சிசிபி 30-லதான் விழும்னு நினைக்காதீங்க. 15-க்கும் 30-க்கும் நடுவுல எங்க வேணும்னாலும் விழலாம், அது ஸ்டாண்டர்டுலயே உள்ளது. எப்பவும் ஒழுகிட்டே இருக்கது ரேட்டிங்ல 30 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. 30-க்கு 9 மி.ஆ. அதுக்கு மேல போனா சின்ன அதிர்வுக்கே விழும்.

மெக்கரும் (இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) போடுங்க, 500 வோல்ட்டுல. விஎஃப்டியைக் கழட்டி வச்சிட்டு மட்டும், இல்லன்னா டிரைவ் போயிரும். ஆனா மெக்கர் நல்லா இருக்குன்னு சொன்னதும் நம்பிராதீங்க. ஒரு மெகா ஓம்ல 230 வோல்ட்டுக்கு கால் மி.ஆ. தான் ஒழுகும். 15 மி.ஆ. ஒழுகணும்னா இன்சுலேஷன் 15 கிலோ ஓமுக்கு இறங்கணும். மெக்கர் மெகா ஓம் காட்டுது, ஆர்சிசிபியும் விழுதுன்னா ஒழுகுறது இன்சுலேஷன் வழியா இல்ல. கப்பாசிட்டர் வழியா இருக்கும், இல்ல நியூட்ரல் எங்கயோ குழம்பி இருக்கும்.

#7 · கரமடி

அளந்தாச்சு. எல்லாம் ஓடும்போது மி.ஆ.-ல:

கம்ப்ரசர் 2.1. அஜிடேட்டர் 1.8. விஎஃப்டி பம்பு 14. ஹாய்ஸ்ட் 0.9. கிரஷர் காஞ்சிருக்கும்போது 1.2, தண்ணி அடிச்ச பிறகு 9.5. ஆபீஸ், லைட்டு, சாக்கெட் சேந்து 3.6. தனித்தனியா கூட்டினா கிட்டத்தட்ட 32 வருது, ஆனா மெயின்ல பிடிச்சா 26 தான். கிளாம்ப் தப்பா?

இன்னொண்ணு. ராத்திரி வாசல் லைட்டைப் போட்டா மெயின்ல 440 மி.ஆ. ஏறுது. அணைச்சா இறங்குது. வாசல் லைட்டு 100 வாட் குண்டு பல்பு.

#8 · மெக்கர்கை

கிளாம்ப் சரிதான். ஒவ்வொரு பேஸுக்கும் ஒழுகுறது வேற வேற கோணத்துல வரும், நேரா கூட்டக் கூடாது. சமமான த்ரீ பேஸ் லோடுல பேஸுக்குப் பேஸ் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும். சிங்கிள் பேஸ் லோடுல ஒழுகுறது அப்படியே நிக்கும். அதனாலதான் 32 போயி 26 ஆச்சு.

26-ல 30 மி.ஆ. ஆர்சிசிபி நிக்கிறதே அதிசயம். ஸ்டார்-டெல்டா மாறும்போது ஒரு துள்ளு துள்ளும், விழுது. மழையில கிரஷர் எட்டு மி.ஆ. கூட்டிக் குடுக்குது, விழுது.

ராத்திரி புதிர் அவிழ்ந்தாச்சு. 100 வாட்டை 230-ஆல வகுங்க: 435 மி.ஆ. பல்பு எடுக்கிற கரண்டும் உங்க 440-ம் ஒண்ணுதானே. அந்த லைட்டுக்கு பேஸ் ஆர்சிசிபிக்குக் கீழேருந்து போகுது, நியூட்ரல் வேற எங்கேருந்தோ வருது. ஆர்சிசிபிக்கு மேல உள்ள நியூட்ரல் லிங்க்ல மாட்டியிருக்கலாம், இல்ல யாரோ எர்த்தையே நியூட்ரலா பிடிச்சிருக்கலாம். ரெண்டாவதுன்னா உடனே சரி பண்ணணும்: அந்த எர்த் வயர் எங்கயாவது விட்டா அதுல தொங்குற பாடி எல்லாம் 230-க்கு ஏறும். ரீடிங் லோடு கரண்டுக்குச் சமமா ஏறி இறங்கினா அது நியூட்ரல் குழப்பம். இதை வேற எதோடயும் மாத்தி எடுக்காண்டாம்.

#9 · முந்திரிச்சூடு

ஐஸ் பிளாண்டோட இதை முடிச்சிராதீங்க. இந்தப் பக்கத்துல பாதி பேரு முந்திரி ஆபீஸ் (முந்திரி ஃபேக்டரி) வயரிங் பாக்கவங்க. அங்க பருப்பு உலத்துற டிரையர் ஹீட்டர் பெரிய தலைவேதனை. ஹீட்டர் குழாய்க்குள்ள இருக்கது மெக்னீசியம் ஆக்சைடு பொடி, ஈரத்தை உறிஞ்சும். சீசன் இல்லாம ரெண்டு மாசம் கெடந்துட்டு, அதுவும் மழைக்காலம்னா, போட்ட உடனே ஆர்சிசிபி விழும். ஹீட்டர் போச்சுன்னு மாத்தவும் வேண்டாம், ஜம்பர் பண்ணவும் வேண்டாம். மெக்கர் வச்சுப் பாத்துட்டு, முனை சீல் உடையலன்னா குறைஞ்ச வோல்ட்டேஜ்ல சூடாக்கி ஈரத்தை விரட்டணும். மூணு ஹீட்டர் ஸ்டார்ல நிக்கிற இடத்துல ரெண்டை சீரிஸ்ல போட்டு நியூட்ரலுக்கும் பேஸுக்கும் நடுவுல விட்டா ஒவ்வொண்ணுக்கும் 115 வோல்ட், கால்வாசி சூடு. கிட்ட யாரும் போகாம, பாடிக்கு எர்த் உறுதியா இருக்கதைப் பாத்துட்டு இதைச் செய்யணும். மெக்கர் ஒரு மெகா ஓமைத் தாண்டினதும் பழையபடி மாட்டலாம். ஏறவே மாட்டேங்குதுன்னா அந்த ஹீட்டர் குப்பைக்கு.

#10 · தக்கலை_பேனல்

சரி, கரமடி அண்ணாச்சிக்கு பேனல். மெயின் எம்சிசிபிக்குப் பிறகு பஸ்பார். மெயின்ல ஆர்சிசிபி வேண்டாம். ஒவ்வொரு ஃபீடருக்கும் தனியா, எதுவும் 100 மி.ஆ.-ஐத் தாண்டாம. பஸ்பார் இருக்க பெட்டி இரும்பு வேண்டாம், பாலிகார்பனேட் இல்லன்னா பைபர் பெட்டி. ஏன்னா ஆர்சிசிபிக்கு முன்னால உள்ள இடத்துல பேஸ் பெட்டியைத் தொட்டா அதைப் பாக்க யாரும் கிடையாது. #2-ல சொன்ன 152 வோல்ட் பெட்டி மேலயே நிக்கும்.

விஎஃப்டிதான் இதுல எமன். த்ரீ பேஸ் டிரைவ்ல பால்ட் வந்தா எர்த்துக்குப் போறது நேர் டிசியாவும் இருக்கலாம். ஆர்சிசிபியில டைப் ஏசி (ஏசி ஒழுகலை மட்டும் பாக்குறது), டைப் ஏ (துடிக்கிற டிசியையும் பாக்குறது) ரெண்டும் அதைப் பாக்காது. பாக்காததோட நிக்காது, 6 மி.ஆ.-க்கு மேல டிசி ஓடினா உள்ள இருக்க வளையம் காந்தமேறிப் போயி, அந்த ஆர்சிசிபிக்குக் கீழ உள்ள எல்லாருக்கும் காவல் போயிரும். உங்க பழைய அமைப்புல விஎஃப்டி பம்பு கெட்டா கிரஷர் காவலும் சேந்து போகும், ஒருத்தருக்கும் தெரியாது. அதனால விஎஃப்டிக்கு நேரா பஸ்பார்லேருந்து தனி ஃபீடர், 25 ஆம்ப் நாலு போல் டைப் பி (நேர் டிசியையும் பாக்குறது), 100 மி.ஆ. விலை கூடத்தான், விஎஃப்டியே வேண்டாம், பம்பு நேரா ஓடட்டும்னா அந்தச் செலவு மிச்சம். பம்பு வேகம் மாத்த ஒரு தேவையும் இல்லாத இடத்துல விஎஃப்டி எதுக்குன்னு முதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க.

டிரைவ் பாடிக்கு எர்த் 10 சதுர மி.மீ. காப்பர், இல்ல ரெண்டு தனி எர்த் வயர். 3.5 மி.ஆ.-க்கு மேல ஒழுகுற டிரைவுக்கு இது கட்டாயம், உங்களுது 14.

கம்ப்ரசர்: 63 ஆம்ப் எம்சிசிபி, ஷண்ட் ட்ரிப் காயில் (சப்ளை குடுத்தா பிரேக்கரை விழவைக்கிறது), சிபிசிடி (கோர் எல்லாம் உள்ள போற வளையம், ஒழுகுறதைப் பாக்குறது), எர்த் லீக்கேஜ் ரிலே, 100 மி.ஆ.

கிரஷர்: 20 ஆம்ப் எம்சிபி, 25 ஆம்ப் நாலு போல் 30 மி.ஆ. ஹாய்ஸ்ட்: இதே மாதிரி தனியா 30. ஹாய்ஸ்ட் பென்டன்ட் (தொங்குற பட்டன் பெட்டி) கையிலயே கெடக்கது, அதுல 230 வரவே கூடாது. கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் வச்சு 24 வோல்ட் காயிலுக்கு மாத்துங்க. அஜிடேட்டர்: 30. ஆபீஸ், உள் லைட்டு, வெளி லைட்டு, ஒவ்வொரு சாக்கெட் கூட்டத்துக்கும் ரெண்டு போல் 30 தனித்தனியா. ஒண்ணு விழுந்தா மத்தது ஓடணும். அப்பத்தான் ஜம்பர் வைக்க யாருக்கும் தோணாது.

ஆர்சிசிபிக்கு ஓவர்லோடும் ஷார்ட்டும் தெரியாது. முன்னால எம்சிபி இல்லாம வச்சா கருகிரும்.

#11 · மடிச்சீலை

மெயின்லயும் ஒண்ணு இருந்தா பாதுகாப்புதானே? ஃபீடர்ல உள்ளது ஒட்டிப் பிடிச்சா?

#12 · தோவாளை415

வைக்கலாம், வரிசை தெரிந்து வைத்தால். கீழே 30 என்றால் மேலே குறைந்தது மூன்று மடங்கு, அதோடு தாமதமும் வேண்டும். எஸ் வகை எனக் குறித்த ஆர்சிசிபி ரேட்டிங் அளவில் 130 முதல் 500 மில்லி செகண்ட் வரை பொறுக்கும். கீழே உள்ளது அதற்குள் விழுந்துவிடும். தாமதம் இல்லாமல் மேலே 100, கீழே 30 வைத்தால் ஷாக் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே விழும், மொத்த பிளாண்டும் இருட்டாகும். மேலும் மெயினில் வைத்தால் விஎஃப்டி அதன் கீழே வரக்கூடாது, அல்லது மெயினும் டைப் பி ஆக வேண்டும்.

#13 · தக்கலை_பேனல்

சிபிசிடி மாட்டுறதுல எல்லாரும் செய்யுற தப்பு ஒண்ணு. ஆர்மர் (இரும்புக் கம்பி உறை) கேபிளை அப்படியே வளையத்துக்குள்ள விட்டுருவாங்க. ஆர்மரும் எர்த்துதானே. பாடியில ஒழுகின கரண்ட் ஆர்மர் வழியா அதே வளையத்துக்குள்ள திரும்பி வந்தா போனதும் வந்ததும் கழிஞ்சிரும். ரிலே ஒண்ணும் பாக்காது. கிளாண்டுக்கு மேல கோர்களைப் பிரிச்சு, மூணு பேஸ் மட்டும், நியூட்ரல் இருந்தா அதையும், வளையத்துக்குள்ள விடுங்க. இடமில்லாம கேபிளோட விட்டாச்சுன்னா, ஆர்மர் எர்த் வயரை அதே வளையத்துக்குள்ள திருப்பி எதிர்ப்பக்கமா விட்டுப் பிறகு எர்த் பாருக்குக் கொண்டு போங்க.

கோர் எல்லாம் வளையத்துக்கு நடுவுல, கட்டி நிறுத்தி. ஓரமா சாஞ்சு கெடந்தா ஸ்டார்ட்டிங்ல ஆறேழு மடங்கு கரண்ட் போகும்போது வளையம் ஒரு பக்கமா காந்தமேறி பொய் ட்ரிப் வரும். வளையத்தை ஒட்டி கேபிளை மடக்கக் கூடாது. ரிலேக்குப் போற ரெண்டு வயரும் முறுக்கின வயர், பவர் கேபிளோட சேத்துக் கட்டாம.

ரிலேக்கு சப்ளை எங்கேருந்து எடுக்கீங்கன்னு பாருங்க. சப்ளை போனா ரிலே குருடு, எம்சிசிபி அப்படியே நிக்கும். ஃபெயில்-சேஃப் உள்ளதை வாங்கி, ஷண்டுக்குப் பதிலா அண்டர்வோல்ட்டேஜ் காயிலோட (சப்ளை போனா பிரேக்கரை விழவைக்கிறது) இணைச்சா ரிலே செத்தா மெஷினும் நிக்கும்.

#14 · முப்பந்தல்காத்து

சாதாரண ஆர்சிசிபி 415, 440 வோல்ட் வரைக்கும்தான். இங்க 690 வோல்ட் ஜெனரேட்டர் உள்ள காத்தாடி டவர்ல அதைப் போடச் சொல்லிக் கேக்கவங்க உண்டு. வளையமும் ரிலேயும்தான் வழி, வளையத்தோட இன்சுலேஷன் வோல்ட்டேஜைப் பாத்து வாங்கணும். டவர் அடியில சர்வீஸ் சாக்கெட் 230-ல வருது, அதுக்கு 30.

#15 · மெக்கர்கை

கிரஷர் 9.5 மி.ஆ.-க்கு வாரேன். தண்ணி அடிச்சா ஏறுதுன்னா டெர்மினல் பெட்டியைத் திறங்க. பெரும்பாலும் மூணுல ஒண்ணு: கேபிள் மேலேருந்து பெட்டிக்குள்ள இறங்குது, தண்ணி அதைப் பிடிச்சே உள்ள வருது, இல்ல கிளாண்ட் வாஷர் காஞ்சு வெடிச்சிருக்கு, இல்ல டெர்மினல் போர்டுல உப்பு வெள்ளையா பூத்திருக்கு. நல்ல தண்ணியில கழுவி, சூடு காத்து அடிச்சு உலத்தி, டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட் போட்டு, கேபிளை கீழேருந்து ஏத்துங்க. கேபிளுக்கு முன்னால ஒரு தொங்கல் விட்டா தண்ணி அங்கேயே சொட்டிரும். பெட்டி அடியில வடியுற ஓட்டை அடைஞ்சிருந்தா குத்தி விடுங்க. சிலிக்கான் பூசி எல்லாத்தையும் அடைக்க நினைக்காதீங்க. உள்ள புகுந்த ஈரம் பிறகு வெளிய போகாது.

சாக்கெட் ஐபி 67 இண்டஸ்ட்ரியல் வகை, மூடியோட. பிவிசி வயர் எக்ஸ்டென்ஷன் தூர எறிங்க, ரப்பர் உறை கேபிள்தான் அங்க நிக்கும்.

எர்த் வயரையும் பாக்கணும். 250 வோல்ட்டுக்கு மேல உள்ள மோட்டாருக்கு ரெண்டு தனி எர்த் வேணும்னு விதியே இருக்கு. ஜிஐ பட்டையில காப்பர் லக்கை நேரா வச்சு முறுக்கினா கடல் காத்துல கொஞ்ச காலத்துல பச்சையும் வெள்ளையுமா அரிச்சிரும். டின் பூசின லக், ஸ்டெயின்லெஸ் போல்ட். மோட்டார் பாடிக்கும் எர்த் பாருக்கும் நடுவுல ஒரு ஓமுக்கு ரொம்பக் கீழ வரணும். ஒண்ணு ரெண்டு ஓம் வந்தா மூட்டு அரிச்சிருக்கு.

#16 · கரமடி

வாசல் லைட்டு நியூட்ரல் மீட்டர் பக்கத்து லிங்க்லேருந்து போயிருந்தது, மாத்தியாச்சு. கிரஷர் பெட்டியில சொன்ன மாதிரி வெள்ளைப் பூப்பு. கழுவி கிளாண்ட் மாத்தின பிறகு தண்ணி அடிச்சும் 1.6 தான். ஃபீடர் எல்லாம் பிரிச்சாச்சு. விஎஃப்டியைக் கழட்டச் சம்மதிச்சாச்சு, பம்பு நேரா ஓடுது, அதுக்கு 30 போதுமா?

அப்புறம் டெஸ்ட் பட்டன் எல்லாத்துலயும் அமுக்கியாச்சு, விழுது. அஜிடேட்டருக்குப் போட்டதுல மட்டும் பட்டன் வேலை செய்யல.

#17 · மெக்கர்கை

பம்புக்கு 30 போதும்.

அஜிடேட்டருக்கு நியூட்ரல் கிடையாதுல்லா? நாலு போல் ஆர்சிசிபியில டெஸ்ட் சர்க்யூட் குறிப்பிட்ட ரெண்டு போலுக்கு நடுவுல இருக்கும், பல மாடல்ல ஒரு பக்கம் நியூட்ரல்தான். பக்கவாட்டுல படம் போட்டிருக்கும். மேல்பக்கம் நியூட்ரல் டெர்மினலுக்கு நியூட்ரலைக் கொண்டு வந்து மாட்டுங்க, கீழ சும்மா விட்டுருங்க. பட்டன் உயிர் பெறும்.

ஆனா பட்டன் சொல்றது பாதி சேதிதான். பட்டன் அமுக்கும்போது உள்ள ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியா பேஸுலேருந்து நியூட்ரலுக்கு, வளையத்தைச் சுத்தி, கொஞ்சம் கரண்ட் விடுது. எர்த் வயர் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. மாசம் ஒருதரம் பட்டன் அமுக்குங்க, உப்புக்காத்துல மெக்கானிசம் ஒட்டாம இருக்க அது உதவும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஆர்சிடி டெஸ்டர் (ஆர்சிசிபி எவ்வளவு நேரத்துல விழுதுன்னு அளக்குறது) வைங்க. பாதி அளவுல விழக்கூடாது. முழு அளவுல 300 மில்லி செகண்டுக்குள்ள, அஞ்சு மடங்குல 40-க்குள்ள. 0 கோணத்துலயும் 180-லயும் ரெண்டு தடவை. கடைசி சாக்கெட்ல வச்சுப் பாருங்க, பேனல்ல இல்ல. அப்பத்தான் அங்க வரை எர்த் வந்திருக்கான்னும் சேத்துத் தெரியும்.

#18 · கரமடி

டெஸ்டர் வச்சுப் பாத்தாச்சு. ஈபி சப்ளையில எல்லாம் 18-லேருந்து 27 மில்லி செகண்டுக்குள்ள, அஞ்சு மடங்குல. கரண்ட் போச்சு, டிஜி (டீசல் ஜெனரேட்டர்) எடுத்தோம், அதே சாக்கெட், அதே ஆர்சிசிபி: டெஸ்டர்ல கரண்டே ஏற மாட்டேங்குது, விழவும் இல்ல. பட்டன் அமுக்கினா மட்டும் விழுது! டிஜி 62.5 கேவிஏ, சேஞ்ச்ஓவர் (ஈபி-டிஜி மாத்துற சுவிட்ச்) நாலு போல்.

#19 · தக்கலை_பேனல்

டிஜி நியூட்ரலை எர்த் பண்ணல. அதாக்கும் காரியம். டிஜி பாடிக்கு எர்த் குடுத்திருப்பாங்க, ஆல்டர்னேட்டர் டெர்மினல் பெட்டியில நியூட்ரல் அந்தரத்துல நிக்கும். ஒழுகின கரண்ட் மண்ணுக்குப் போனாலும் திரும்பி ஏற வழியில்ல, அதனால ஆர்சிசிபிக்கு ஒண்ணும் தெரியல. பட்டன் பேஸ்-நியூட்ரலுக்கு நடுவுல வேலை செய்யுறதால அது மட்டும் விழுது. முதல் பால்ட்டுல ஆளுக்கு ஒண்ணும் ஆகலன்னு தோணும். ஒரு பேஸ் எங்கயோ பாடியில ஒட்டிக் கெடக்கும்போது இன்னொரு பேஸை ஒருத்தன் தொட்டா அவனுக்கு 415 வோல்ட்.

ஆல்டர்னேட்டர் நியூட்ரல் டெர்மினல்லேருந்து, சேஞ்ச்ஓவருக்கு முன்னாலயே, 25 × 3 மி.மீ. காப்பர் பட்டை ரெண்டு எடுத்து ரெண்டு தனி எர்த் பிட்டுக்குக் கொண்டு போங்க. பாடிக்கு உள்ள ரெண்டு பிட் வேற. நாலு பிட்டையும் அடியில இணைச்சிரலாம், இணைச்சா நல்லது: டிஜியில ஓடும்போது பால்ட் கரண்ட் மண்ணை நம்பாம கம்பி வழியாவே திரும்பும். சேஞ்ச்ஓவருக்குப் பிறகு எங்கயும் நியூட்ரலையும் எர்த்தையும் ஒட்டாதீங்க, ஈபியில ஓடும்போது எல்லா ஆர்சிசிபியும் ஆடும். நாலு போல் வச்சது புண்ணியம். மூணு போலா இருந்தா இந்த லிங்க் போட்ட உடனே ஊர் நியூட்ரல் கரண்டு நம்ம பிட்ல இறங்கத் தொடங்கும்.

#20 · மடிச்சீலை

அப்போ படகு பட்டறைக்குத் தூக்கிட்டுப் போற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்? அதுக்கு எங்க பிட் தோண்ட?

#21 · தோவாளை415

பிட் வேண்டாம். ஒரே ஒரு கருவி, இரட்டை இன்சுலேஷன் கிரைண்டர், என்றால் நியூட்ரல் மிதக்கட்டும். சர்க்யூட் தனித்தே இருக்கும். இரண்டு கருவி மாட்டினால் ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் சொந்த பாடியோடு இணைத்து, சாக்கெட் எர்த் முனையும் அதே பாடிக்குப் போகிறதா என்று பார்த்து, அடுத்து 30 மி.ஆ. ஆர்சிசிபி வைக்கவும். சில மாடலில் கம்பெனியே இணைத்து அனுப்பும். மீட்டரில் நியூட்ரலுக்கும் பாடிக்கும் கன்டினியூட்டி பார்த்தால் தெரியும். வெல்டிங் செட்டுக்கு இது காவல் அல்ல. அதன் செகண்டரி தனி. ஹோல்டரில் வாங்கும் ஷாக்குக்கு எந்த ஆர்சிசிபியும் விழாது.

#22 · கரமடி

லிங்க் போட்டாச்சு. டிஜியில கடைசி சாக்கெட்: 30 மி.ஆ.-க்கு 31 மில்லி செகண்ட், 150-க்கு 19. கிரஷர்: 22. கம்ப்ரசர் ரிலே 100 மி.ஆ.-க்கு எம்சிசிபியோட சேத்து 90. பழைய 100 ஆம்ப் ஆர்சிசிபியை ஜம்பரோட கழட்டி எடுத்தாச்சு.